பக்கத்துப் புள்ளி

முதலாளி அன்று போட்டிருந்த சட்டை சிவப்பா, பச்சையா என்று கேட்டால் என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. பேச்சு மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

எங்கள் ஸ்டுடியோவில் போட்டோகிராபர் வேலை கேட்டு வந்தவர் வெளியே காத்திருந்தார்.

"படமெல்லாம் கூர்மையாத்தான் இருக்கு. ஆனா சிவப்பும் பச்சையும் பிரிச்சுத் தெரியாதுன்னு அவரே சொல்றாரு. பிழைக்கத் தெரியாத மனுஷன். அனுப்பிடுப்பா."

"அப்போ கேமராவையும் தூக்கி எறிங்க சார்."

"அது என்ன பண்ணுச்சு?"

"அதோட சென்சார்ல ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரே ஒரு நிறம்தான் தெரியும். மீதியைப் பக்கத்துப் புள்ளிங்களைப் பார்த்துத்தான் கணக்குப் போட்டுக்குது."

"பாடம் எடுக்காதே. நாம படம் எடுத்துக் குடுக்கிற துணிக்கடைக்காரர் நிறம் மாறிடுச்சுன்னு சண்டைக்கு வந்தா?"

"நான் எடுத்த படத்துக்கு யாராவது வந்தாங்களா?"

"உன் கண்ணும் அவர் கண்ணும் ஒண்ணா?"

பிரிண்ட் மேசையில் வேலை பார்க்கும் அக்கா நிமிர்ந்து, வேண்டாம் என்று எனக்குத் தலையசைத்தார். நான் நிறுத்தவில்லை.

"ஒண்ணுதான் சார். எனக்கும் தெரியாது. நிறமெல்லாம் அக்காவைக் கேட்டுத்தான் சரி பண்றேன். அனுப்பறதுன்னா ரெண்டு பேரையும் சேர்த்தே அனுப்புங்க."

முதலாளி குனிந்து தன் சட்டையைப் பார்த்தார்.

"இது என்ன நிறம்?"

"அக்காவைத்தான் கேக்கணும்."

அக்கா சொல்லவில்லை. முதலாளியும் மறுபடி கேட்கவில்லை.

வந்தவர் மறுநாள் வேலைக்குச் சேர்ந்தார். என் வேலையும் போகவில்லை. அக்காவின் மேசையை எங்கள் இருவருக்கும் நடுவில் நகர்த்திப் போட்டார்கள். மூவரும் இன்னும் அங்கேதான் இருக்கிறோம்.