நடுத்தடம்

கால்வாய்க் கரை முழுக்கச் சரளைக்கல். நடுவில் மட்டும், ஒரு சைக்கிள் போகிற அகலத்துக்கு மழமழவென்று ஒரு தடம். நெஞ்சில் ஆபரேஷன் முடிந்து பவுன்ராஜ் அன்றுதான் மறுபடி சைக்கிள் ஏறியிருந்தார். பின்னால் இன்னொரு சைக்கிளில் வரும் மனைவி செல்லத்தாய்க்கு முழங்கால் வலி. அவளுக்காகத் தடத்தை விட்டுவிட்டு, எப்போதும்போல் சரளையில் குலுங்கிக்கொண்டே போனார். திராட்சைப் பந்தல்கள் தொடங்கும் மேட்டில் மூச்சு வாங்கியது. நின்று திரும்பினார். எதிர் ஓரத்துச் சரளையில் அவளும் குலுங்கிக் குலுங்கி வந்துகொண்டிருந்தாள்.

“ஏ செல்லத்தா, தடத்துல வந்தா என்ன?”

“ஆபரேசன் பண்ண ஒடம்பு ஒங்களுது. மொதல்ல நீங்க தடத்துல ஏறுங்க.”

“முட்டி வலி ஒனக்குத்தான?”

இருவரும் ஏறவில்லை. மேட்டிலிருந்து ஒரு தோட்டத்து நாய் நடுத்தடத்தில் சாவகாசமாக இறங்கி வந்தது. இருவரும் இன்னும் கொஞ்சம் ஓரமாக ஒதுங்கி அதற்கு வழிவிட்டார்கள்.