வாசற்படியில் ஒரு குடம் தண்ணீர்

பல்கேரியாவில் ஒரே ஒரு ஊராம். அந்த ஊர்க் குழாயில் மூன்று நாளைக்கு ஒரு தடவைதான் தண்ணீராம்.

அப்படிப்பட்ட ஊரில், பள்ளிக்கூடம் திறந்த முதல் நாள், துப்புரவு வேலை பார்க்கும் டோன்கா ஒரு செப்புக் குடம் தண்ணீரை வாசற்படியில் கவிழ்த்துவிட்டார். ஒன்றாம் வகுப்புக் குழந்தைகள் ஒன்பது பேரும் பூங்கொத்தோடு அந்த ஈரத்தை மிதித்து உள்ளே ஓடினார்கள்.

தலைமை ஆசிரியர் ஸ்விலென், டோன்காவைக் குடமும் கையுமாக அறைக்குக் கூப்பிட்டார். பள்ளிக்கு ஏஐ கணினி தானம் கொடுத்த நிறுவனத்தின் இன்ஜினியர் காலின் அங்கே காபி குடித்துக்கொண்டிருந்தார்.

"இந்த வருஷம் தண்ணி ஊத்தக் கூடாதுன்னு சொன்னேனா இல்லியா?"

"சொன்னீங்க சார். ஈரத்துல நடந்து போனா படிப்பு தண்ணி மாதிரி தடங்கலில்லாம ஓடும்னு காலங்காலமா ஊத்துறதுதானே. சின்னப் புள்ளைங்க..."

"ஊரே தவிச்சுக் கெடக்கு, உனக்குச் சடங்கு கேக்குதா? இன்னியோட உனக்கு வேலை இல்ல."

"சார், பென்ஷனுக்கு இன்னும் எட்டு மாசம்தான் இருக்கு."

அவர் அதற்குள் கணினி பக்கம் திரும்பிவிட்டார். "தண்ணீரை வீணடித்ததற்காகப் பணிநீக்கக் கடிதம் எழுது."

எழுதியது.

"இன்னும் காட்டமா."

எழுதியது.

"இயற்கையைப் பத்தி நாலு வரி சேரு. ஓரத்துல நீர்த்துளி ஒண்ணு அழணும்."

அழுதது.

"துளி குண்டா இருக்கே. வேற போடு."

இப்படியே ஆறு துளிகள் அழுது முடித்தன.

காலினுக்கு ஒரு சந்தேகம். "அக்கா, இன்னிக்குக் குழாய்ல தண்ணி வர்ற நாளே இல்லியே. எங்க பிடிச்சீங்க?"

"உங்ககிட்டதான் தம்பி. உங்க கம்ப்யூட்டர் கட்டடத்தைக் குளுர வைக்க எங்க அணைத் தண்ணியை எடுக்குறீங்கல்ல? சூடானதும் பின்னால சாக்கடையில தொறந்து விடுறீங்க. ஊர்ப் பொம்பளைங்க பூரா அங்கதான் குடத்தோட நிக்கிறோம். சார் இந்தப் பெட்டிகிட்ட இன்னும் கொஞ்சம் பேசினா அந்தக் கட்டடம் இன்னும் சூடாகி எங்களுக்கு ரெண்டு குடம் கூடக் கெடைக்கும்."

காலின் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "மீட்டிங் இருக்கு" என்று எழுந்து போனார்.

டோன்காவும் குடத்தை இடுக்கிக்கொண்டு நடந்தார். கதவைத் தாண்டும்போது, தலைமை ஆசிரியர் கணினியிடம் சொல்வது முதுகுக்குப் பின்னால் கேட்டது:

"'வீணடித்ததற்காக' என்பதை எடுத்துவிடு. 'நிறுவனத்தின் தண்ணீரைத் திருடியதற்காக' என்று போடு."