சீட்டு வரும் வரை

"நீ மனுசனா, மரமா?"

டிஸ்பென்சரி முன்னால் நின்ற அத்தனை பேர் காதிலும் விழும்படி கத்தினார் டாக்டர் பெல்ட்மன். டயகமப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களைப் பார்க்க, வாரம் ஒருநாள் நுவரெலியாவிலிருந்து வரும் வெள்ளைக்கார டாக்டர். இரண்டாம் உலகச் சண்டைக்குக் கொஞ்சம் முந்தி இலங்கைக்கு வந்தவர். இந்த 1952க்குள் தமிழ் நன்றாகப் பழகிவிட்டது. அன்பாகப் பேசத்தான் பழகவில்லை.

டிஸ்பென்சரிப் பொறுப்பாளர் பத்திநாதன் தலையைக் குனிந்துகொண்டார். காய்ச்சலில் கிடந்த ஒரு பிள்ளையை ஆஸ்பத்திரிக்கு அனுப்ப, தோட்ட மேனேஜரான தொரையின் கையெழுத்துச் சீட்டுக்காக ஒன்றரை நாள் காத்திருந்துவிட்டார். பிள்ளை பிழைத்தது மயிரிழையில்.

"சீட்டு இல்லாம லொறி தரமாட்டாங்க டாக்டர். நானா எப்படி..."

"எங்க ஜனங்க செங்கடலைத் தாண்டின கதை தெரியுமா?"

"மாதா கோயில்ல சொல்லியிருக்காங்க. மோயீசன் கோலை நீட்டினாரு, கடல் பிளந்துச்சு."

"எங்க யூத வீடுகள்ல வேற மாதிரி சொல்லுவாங்க. கோலை நீட்டியும் கடல் அசையல. 'நீ முதல்ல போ, நீ போ'ன்னு எல்லாரும் கரையிலேயே நின்னாங்க. ஒருத்தன் மட்டும் இறங்கினான். முழங்கால், இடுப்பு, கழுத்து... மூக்கு வரைக்கும் தண்ணி வந்த பிறகுதான் வழி திறந்துச்சு."

பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

"ஈவிரக்கமில்லாத மனுசன்," என்று வீட்டில் புலம்பினார் பத்திநாதன். "வேற தோட்டத்துக்கு மாத்திக்கிட்டுப் போயிடலாமான்னு பார்க்கிறேன்."

"இதையாவது முடிவு பண்ணுவீங்களா?" என்றாள் மனைவி பவுலின்.

மறு சனிக்கிழமை தேயிலைத் தொழிற்சாலையான ஸ்டோரில், கொழுந்து அரைக்கும் ரோலரில் தொழிலாளி சோலைமலையின் கை மாட்டிக்கொண்டது. கட்டக் கட்ட இரத்தம் நிற்கவில்லை. தொரையோ நுவரெலியாவில் குதிரைப் பந்தயம் பார்க்கப் போயிருந்தார்.

வாசலில், ஸ்டேஷனுக்குப் போகிற லொறி தேயிலைப் பெட்டிகளோடு நின்றது.

"பெட்டியை எல்லாம் இறக்குங்க," என்றார் பத்திநாதன். அது தன் குரல்தானா என்று அவருக்கே சந்தேகம்.

டிரைவர் மாயாண்டி விழித்தார். "தொரை சீட்டு எங்கங்க ஐயா?"

"இல்ல."

"நாளைக்கு யாருங்க பதில் சொல்றது?"

"நான்தான். வண்டியை எடு."

நுவரெலியாவில் பெல்ட்மனே அறுவை செய்தார். இரண்டு விரல் போயிற்று. கையும் உயிரும் தப்பின.

திங்கட்கிழமை தொரை மேசையைத் தட்டிக் கத்தினார்.  ஆனாலும் பத்திநாதன், "இன்னொரு தடவை இப்படி ஆனாலும் அனுப்புவேன் சார்" என்று சொல்லிவிட்டார். வேறு ஆள் கிடைப்பது லேசில்லை என்பதால் வேலை போகவில்லை.

அந்த வாரம் டாக்டர் வந்தபோது, பத்திநாதன் மனதில் இருந்ததைக் கேட்டேவிட்டார்.

"கோவிச்சுக்காதீங்க டாக்டர். நீங்க எதுக்கும் தயங்காத ஆளு. என்னை மாதிரி பயந்தவங்க கஷ்டம் உங்களுக்குத் தெரியாது. அதனாலதான் அன்னைக்கு அப்படிப் பேசிட்டீங்க."

பெல்ட்மன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முதல்முறையாக அவர் குரல் தணிந்திருந்தது.

"எங்க ஊர்ல யூதர்களைப் பிடிச்சுக்கிட்டுப் போக ஆரம்பிச்சப்போ, 'இன்னைக்கே எல்லையைத் தாண்டிடலாம்'னு என் மனைவி கெஞ்சினா. 'முறைப்படி அனுமதிக் காகிதம் வரட்டும்'னு நான் சொன்னேன். மூணே வாரத்துல வந்துச்சு, பத்திநாதன். எனக்கு, அவளுக்கு, எங்க மகளுக்கு, மூணு பேருக்குமே வந்துச்சு. அதை வாங்குறதுக்கு வீட்டுல இருந்தது நான் ஒருத்தன்தான்."