மார்ச் மாத வெள்ளம்

“அப்போ இதெல்லாம் வெள்ளம் ஏறின மட்டமா?”

சமையலறைக் கதவு நிலையில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கீறியிருந்த கோடுகளைப் பார்த்துத்தான் கேவின் கேட்டான். வீடு பார்க்க மனைவி மெலிசாவோடு சிட்னியிலிருந்து வந்தவன். கிளாரன்ஸ் ஆற்றங்கரை ஜனங்கள் ஒவ்வொரு வெள்ளத்துக்கும் கதவு நிலையில் கோடு போட்டு வைப்பார்கள், அதை முதலில் பார் என்று யாரோ சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

வீட்டுக்காரி நோலா டீக் கோப்பைகளை மேஜையில் வைத்தாள். கோடுகளைப் பார்த்தாள். அவர்களை அழைத்து வந்திருந்த வீட்டு ஏஜென்டைப் பார்த்தாள்.

“பின்னே? வேற எதுக்குக் கோடு போடுவாங்க?” என்றாள்.

நோலாவுக்கு வீட்டை விற்க இஷ்டமே இல்லை. கணவர் போனதிலிருந்து, ‘ஆத்தோரமா தனியா இருக்காதே, என்னைக்காவது வெள்ளம் வந்து அடிச்சுட்டுப் போயிடும்’ என்று மகன் நச்சரித்துக்கொண்டே இருந்தான். ‘ஆறு என்னை ஒண்ணும் பண்ணாதுடா’ என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்துப்போய், ஒருநாள் தலையாட்டிவிட்டாள்.

இன்றைக்கு விலை படிந்துவிட்டால் டவுனில் ஏதோ ஓர் அடுக்குமாடிப் பொந்துக்குள் போய் அடைய வேண்டியதுதான். ஆறு தெரியாத ஜன்னலை நினைத்தாலே அவளுக்கு அழுகை வந்தது.

ஏஜென்ட் டையைத் தளர்த்திக்கொண்டார். “சார், அந்தக் கோடு வந்து...”

“சொல்லுங்க தம்பி, என்ன கோடுன்னு சொல்லுங்க. அவங்களும் தெரிஞ்சுக்கட்டும்” என்று நோலா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

ஏஜென்ட் டையை மறுபடி இறுக்கிக்கொண்டார்.

மெலிசா குனிந்து, கோடுகளுக்குப் பக்கத்தில் எழுதியிருந்ததைப் படித்தாள். “எல்லாமே மார்ச் மாசமா இருக்கே!”

“மார்ச்தான். ஒரு வருஷம்கூடத் தவறினதில்லை.”

“வருஷா வருஷம் ஏறிக்கிட்டே வேற போகுது!”

“கேக்காதீங்க. இந்தா, இந்தக் கோட்டைப் பாருங்க, ஒரே வருஷத்துல நாலு விரல். போட்டுக்க ஒரு துணி தேறலை. அத்தனையும் புதுசா வாங்கினோம்.” நோலா நிஜமாகவே பெருமூச்சு விட்டாள்.

“மண் மூட்டை அடுக்கித் தடுத்துப் பாக்கலையா?” என்றான் கேவின்.

“தடுக்கிறதாவது! அது பாட்டுக்கு ஏறும். நாம வாயப் பொளந்துக்கிட்டுப் பாத்துட்டிருக்க வேண்டியதுதான்.”

ஏஜென்டுக்கு இருமல் வந்துவிட்டது. நிலையில் சாய்ந்துகொண்டு இருமினார்.

“கடைசிக் கோடு எது?”

“இதோ, இவர் உச்சந்தலைக்கு நேரா இருக்கு பாருங்க, அதுதான். அதோட நின்னுடுச்சு, அப்புறம் ஏறலை.”

கேவின் அண்ணாந்து பார்த்தான். ஏஜென்ட் ஆறடிக்குக் குறையாத ஆள். அவரே முழுகினால் தன் கதி என்ன என்று அவன் கணக்குப் போடுவது முகத்திலேயே தெரிந்தது.

“இனிமே ஏறாதுன்னு என்ன நிச்சயம்?” என்று மெலிசா கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

“அதை நான் எப்படிம்மா சொல்ல முடியும்? மறைச்சு வித்தா அந்தப் பாவம் எனக்குத்தானே. அதான் உள்ளதை உள்ளபடி காட்டினேன். டீ ஆறுது, குடிங்க.”

“இன்னொரு நாள் வர்றோம்” என்று கேவின் சொன்னபோது பாதிப் படி இறங்கியிருந்தான். கரும்புக் காட்டு நடுவே அவர்கள் கார் போன வேகத்தில் புழுதி அடங்க நேரமாயிற்று.

நோலா உட்கார்ந்து, மெலிசா தொடாமல் வைத்துவிட்டுப் போன டீயைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். ஜன்னலுக்கு வெளியே ஆறு சாதுவாகப் போய்க்கொண்டிருந்தது. அவள் மனசு நிறைந்திருந்தது.

ஏஜென்ட் டையைக் கழற்றி நாற்காலியில் எறிந்தார். யாரையும் கேட்காமல் ஃப்ரிட்ஜைத் திறந்து தண்ணீர் பாட்டிலை எடுத்தவர், அப்படியே நின்று அவளை முறைத்தார்.

“ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் நான் வளர்ந்ததைப் போய் வெள்ளம்னு சொல்லிட்டியேம்மா!”