சீமைப் படத்தில் ஒரு கிணறு

தீர்த்தகிரியும் பெண்டாட்டி சின்னாயியும் இரண்டு கோடை மண் சுமந்து வெட்டிய கிணற்றை, தன் பாட்டன் கிணறு என்று எருமப்பட்டிப் பண்ணைக்காரர் கைலாசம் வழக்குப் போட்டார். அது புதுக்கிணறு என்று காட்ட, தீர்த்தகிரியின் வக்கீல், வெள்ளைக்காரன் ஊரை அளந்து போட்ட நூறு வருஷத்துச் சீமைப் படத்தைக் கோர்ட்டில் விரித்தார். செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்டது. கொல்லிமலைக்கு மயிரிழைக் கோடுகளால் நிழல் போட்டிருந்தான், செதுக்கின மகராசன்.

படத்தில் கிணறு இருந்தது. சின்னாயி கோணலாக வெட்டிய படிகூட அங்கேயும் கோணல்தான். நேற்றுவரை இல்லை என்று வக்கீல் தலையிலடித்துக்கொண்டார்.

“அப்போ நான் பொறக்கறதுக்கு முன்னாலயே வெட்டிப்போட்டனாட்டம் இருக்குதுங்க, சாமி” என்றான் தீர்த்தகிரி. கோர்ட்டே சிரித்தது. கிணறு கைலாசத்துக்குப் போயிற்று.

“நம்ம வேர்வைய அவுங்க குடிக்கோணுங்களா?” என்றாள் சின்னாயி. இருவரும் கிணற்றைத் தூர்த்தார்கள். தண்ணீரில்லாமல் அவர்களுடைய கம்புப் பயிரும் சேர்ந்து கருகியது.

கிணற்றைத் தூர்த்துவிட்டார்கள் என்று கைலாசம் மறுபடி வழக்குப் போட்டார். அதே படத்தை விரித்தார்கள். கிணறு இருந்த இடம் வெறும் தாள். சுரண்டிய தடம்கூட இல்லை.

“இல்லாத கிணற்றை எவன் தூர்ப்பான்?” என்று நீதிபதி வழக்கைத் தள்ளினார். தீர்த்தகிரி ஜெயித்தான், கிணறுதான் இல்லை.

படத்தைச் சுருட்டுமுன் அதன்மேல் கிடந்த ஈரச் செம்மண்ணைக் குமாஸ்தா தட்டிவிட்டார். சின்னாயி முந்தானையில் ஏந்திக்கொண்டாள்.