புள்ளி விழுந்த கண்ணாடி

"அந்த டீச்சருக்குக் கொஞ்சமாவது மனசாட்சி இருக்கா? வந்து பாரு இவளே, வந்து பாரு!"

காலையிலேயே ஆரம்பித்துவிட்டார் டிரைவிங் மாஸ்டர். காரின் முன் கண்ணாடி முழுக்க வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள். நேர் மேலே, மாடி வீட்டு பால்கனியில் பச்சைப் பசேலென்று தொங்கிய கொடிகளிலிருந்து இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.

"தண்ணிதானேங்க" என்றாள் மனைவி.

"உப்புத் தண்ணி! வெயில்ல காஞ்சா கண்ணாடியோட ஒட்டிக்கும். லேசுல போகுமா?"

மாஸ்டரிடம் வண்டி கற்றவர்களுக்குத் தெரியும். முதல் பாடம் கிளட்ச் அல்ல, கண்ணாடி துடைப்பது. ஒரு புள்ளி மிச்சமிருந்தாலும் சாவி கைக்கு வராது.

அப்படிப்பட்டவர் குளியலறையில் வழுக்கி விழுந்ததில் வலது தோள் இறுகிப்போய், கை நெஞ்சுக்கு மேல் எழும்ப மறுத்தது. "கை தலைக்கு மேல போற வரைக்கும் ஸ்டீயரிங்கைத் தொடக் கூடாது. இப்படியே விட்டா அப்புறம் எப்பவுமே தொட முடியாது" என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். சுவரில் விரல்களை மெல்ல மெல்ல மேலே ஏற்றும் பயிற்சி ஒன்றும் கொடுத்திருந்தார்.

"சுவர்ல ஏறி இறங்க நான் என்ன பல்லியா?"

முதல் நாளே அதைக் கைகழுவிவிட்டார் மாஸ்டர். மனைவி கெஞ்சினாள், கொஞ்சினாள், அழுதும் பார்த்தாள். ம்ஹூம். வண்டி ஓட்டாத மாஸ்டர் என்னத்துக்கு ஆவார்? அந்தக் கவலையில் அவளுக்குத் தூக்கமே போயிற்று.

இந்த நேரம் பார்த்துத்தான் மேல் வீட்டு டீச்சருக்குத் திடீரென்று செடி ஆசை.

"ஏம்மா டீச்சர்! கீழ ஒரு வண்டி நிக்கிறது கண்ணுக்குத் தெரியலையா?"

டீச்சர் எட்டிப் பார்த்தாள். "செடியைப் பட்டினி போடச் சொல்றீங்களா சார்? வண்டியைத் தள்ளி நிறுத்துங்களேன்!"

அதுதானே முடியவில்லை! தான் ஓட்ட முடியாதபோது வேறு யாரையும் தன் வண்டியை எடுக்க விடவும் அவருக்கு மனசு வராது.

"விடுங்க, நான் துடைக்கிறேன்" என்று மனைவி துணியை எடுத்தாள்.

"நீ துடைச்சா கீறல் விழும். தள்ளு!"

வினிகரில் துணியை நனைத்துக் கண்ணாடிமேல் போட்டுச் சற்று ஊற விட்டார். பிறகு இடது கையால் தேய்த்துப் பார்த்தார், திருப்தியாக இல்லை. வலது கைக்கு மாற்றினார். வட்ட வட்டமாகத் தேய்த்ததில் கீழ்ப் பக்கம் பளிச்சென்றானது. மேல் பக்கம் எட்டவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு எட்டினார்.

மறுநாளும் புள்ளி. மறுநாளும் திட்டு. மறுநாளும் வினிகர்.

"இந்த வெயிலுக்கு ஊர்ல இருக்கிற செடியெல்லாம் வாடுது. இவ செடி ஒரு இலையாவது உதிர்க்குதா பாரு! அவ்வளவு தண்ணி!"

நாளாக நாளாகத் திட்டின் நீளம் கூடியது. துணி போகும் உயரமும் கூடியது. இரண்டாவதை மாஸ்டர் கவனிக்கவில்லை.

"கையைத் தூக்குங்க" என்றார் டாக்டர், அடுத்த முறை போனபோது.

தூக்கினார். கை காதை உரசிக்கொண்டு நேராக மேலே போய் நின்றது. மாஸ்டருக்கே ஆச்சரியம்.

"பலே! பயிற்சியை விடாம செஞ்சிருக்கீங்க. இனிமே தாராளமா வண்டி ஓட்டலாம்."

மாஸ்டர் கூச்சமே இல்லாமல் தலையாட்டினார். "ஒரு வேலையை எடுத்தா முடிக்காம விட மாட்டேன் டாக்டர்."

மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக, பால்கனியைப் பார்த்து வலது கையைத் தலைக்கு மேல் ஓங்கினார். "டீச்சர்! இனிமே ஒரு சொட்டு விழுந்துச்சு, நடக்கிறதே வேற!"

டீச்சர் அந்தக் கையையே கண் கொட்டாமல் பார்த்தாள். சட்டென்று உள்ளே போய்விட்டாள்.

"பாத்தியா, பயந்துட்டா!" என்று மாஸ்டர் ஜம்மென்று வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார்.

கார் தெருமுனை திரும்பியதும் மனைவி மாடிக்கு ஓடினாள். டீச்சரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். கண் கலங்கிவிட்டது.

"என்னாலதான் இத்தனை திட்டு வாங்கினீங்க. இந்த உதவியை மறக்கவே மாட்டேன் டீச்சர்."

"திட்டு கிடக்கட்டும்" என்று டீச்சர் வாளியைக் கவிழ்த்து வைத்தாள். "எதிர் வீட்டுக்காரங்கதான் என்னை ஒரு மாதிரியா பாக்கறாங்க. இனிமேலாவது இந்த பிளாஸ்டிக் செடிக்குத் தண்ணி ஊத்தறதை நிறுத்திக்கட்டுமா?"