கறை படாத காலர்

பதினேழு நாளாகத் துவைக்கப் போட்ட சட்டைகளில் ஒன்றில்கூட மேக்கப் கறை இல்லை.

நகைச்சுவை நாடகம், வினாடி வினா, பாட்டுப் போட்டி என்று இருபது வருடம் டிவியில் முகம் காட்டியே பிழைத்த மனுஷன். காலரில் பவுடர் ஒட்டாமல் வீடு திரும்பியதே கிடையாது.

தொண்டை கட்டிப்போய் வந்த கணவரை அவள் வாசலிலேயே மடக்கினாள்.

"எங்கே போயிட்டு வர்றீங்க?"

"புது ஷோ ஷூட்டிங்தான்."

"மேக்கப் போடாமலா? யாருங்க அவ?"

"அடிப்பாவி! இந்தத் தொப்பைக்கு அவ வேறயா?"

"எனக்குச் சிரிப்பு வரலை. பெட்டியைக் கட்டி வச்சுட்டேன். உண்மையைச் சொல்லுங்க, இல்லேன்னா அம்மா வீட்டுக்குக் கிளம்புறேன்."

அவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் சோபாவில் உட்கார்ந்தார்.

"அந்த ஷோவுக்கு வேற ஆளைப் போட்டுட்டாங்க. அவன் ஜோக் சொன்னா டிவியில கூட்டமாச் சிரிப்புச் சத்தம் கேக்கணுமாம். சவுண்டு ரூம்ல தனியா நின்னு சிரிக்கிறது நான்தான்."